புகை ஏன் வீட்டுக்குள் திரும்புகிறது? – அடுப்படியில் ஓர் அறிவியல் பாடம்

வெப்பச்சலனம் என்றால் என்ன என்று எட்டாம் வகுப்பில் கேட்டால் மாணவர்கள் வரி பிசகாமல் சொல்லிவிடுவார்கள். "உங்கள் வீட்டு அடுப்பில் புகைக்குழாய் இருக்கிறது. பிறகு ஏன் புகை குழாய் வழியே போகாமல் அம்மாவின் முகத்தில் அடிக்கிறது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டும் ஒரே கேள்விதான். முதலாவது புத்தகத்தில் இருக்கிறது, இரண்டாவது வீட்டில் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைக்க எங்கள் பள்ளியில் 7, 8, 9 ஆகிய வகுப்புகளுக்கு நடத்திவரும் ஒரு செயல்திட்டத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், வாயலூர், மெய்யூர் பகுதிகளில் எரிவாயு இணைப்பு இல்லாத வீடுகள் குறைவு. ஆனால் விறகடுப்பு முற்றிலும் போய்விடவில்லை. வெந்நீர் வைக்க, நெல் அவிக்க, விசேஷ நாளில் பெரிய பாத்திரம் ஏற்ற, சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வாங்கும் வரை நாட்களைத் தள்ள விறகடுப்புதான் கைகொடுக்கிறது. சவுக்கு மிளாறும் பனை மட்டையும் தென்னை மட்டையும் இங்கே எளிதில் கிடைக்கின்றன. புகையும் கூடவே வருகிறது.

இது சிறிய விஷயம் அல்ல. வீட்டுக்குள் எரியும் விறகு, வரட்டி, கரி போன்றவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அடுப்பருகே அம்மாவின் இடுப்பில் இருக்கும் குழந்தைதான் நாளை நம் முதல் வகுப்பில் வந்து உட்காரப்போகிறது.

கற்றல் விளைவுகள்

இந்தச் செயல்திட்டத்தின் முடிவில் மாணவர்கள்
1. வெப்பச்சலனம், அடர்த்தி, காற்றழுத்தம் ஆகியவற்றைத் தம் வீட்டு நிகழ்வுடன் தொடர்புபடுத்துவர்.
2. ஒரு பழுதுக்கான காரணத்தை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக் கண்டறிவர்.
3. செலவில்லாமல் செய்யக்கூடியதையும் கொத்தனாரை அழைத்துச் செய்யவேண்டியதையும் பிரித்தறிவர்.

முன்தயாரிப்பு: வகுப்பறைச் சூழல்

பாடத்தைத் தொடங்கும் முன் ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விறகடுப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகளின் சீருடையிலும் நோட்டிலும் புகைவாசம் இருக்கும். அதைச் சொல்லிக் கேலி செய்வதும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு மாணவி இதற்காகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். எனவே "யார் வீட்டில் விறகடுப்பு? கையைத் தூக்குங்கள்" என்று நான் கேட்பதில்லை. "அடுப்பைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் நமக்கு இந்த வாரம் சொல்லித்தரப் போகிறார்கள்" என்று தொடங்குகிறேன். ஊதாங்குழலை எந்தக் கோணத்தில் பிடிப்பது, கொடியடுப்பில் எந்தப் பக்கம் சீக்கிரம் கொதிக்கும், எந்த விறகு வெடிக்கும், எது நின்று எரியும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த மாணவிதான் அந்த வாரம் எங்கள் வகுப்பின் நிபுணர்.

செயல்பாடு 1: ஷூ பெட்டி அடுப்பு

தேவையானவை: காலி ஷூ பெட்டி, இருபுறமும் திறந்த இரண்டு தகரக் குழாய்கள் (பழைய டப்பாக்களை வெட்டிக்கொள்ளலாம்), கண்ணாடித்தாள், சிறு மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கைவிசிறி, ஒரு வாளி தண்ணீர்.

பெட்டியின் முன்பக்கத்தை வெட்டிக் கண்ணாடித்தாள் ஒட்டவும். மேற்பக்கத்தில் இரண்டு துளைகளிட்டு ஒவ்வொன்றிலும் ஒரு குழாயைச் செருகவும். ஒரு குழாயின் நேர்கீழே மெழுகுவர்த்தியை ஏற்றி, புகையும் ஊதுபத்தியை மற்றொரு குழாயின் வாயருகே பிடிக்கவும். மேலே போகவேண்டிய புகை கீழே இறங்கி, பெட்டிக்குள் நடந்து, மெழுகுவர்த்திக்கு மேலுள்ள குழாய் வழியே வெளியேறும். புகை கீழே இறங்குவதைக் கண்டதும் வகுப்பில் எழும் சத்தத்தை அடக்குவது சிரமம். அடக்கவும் வேண்டாம்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஊதுபத்தி உள்ள குழாயைக் கையால் மூடினால் சுடர் மங்குகிறது, பெட்டிக்குள் மூட்டம் சேர்கிறது. திறந்துவிட்டு, மெழுகுவர்த்திக் குழாயின் உச்சியை நோக்கி விசிறியால் சாய்வாகக் காற்றை அடித்தால் புகை பெட்டிக்குள் திரும்புகிறது. முதலாவது கதவு சாத்திய சமையலறை, இரண்டாவது கடற்காற்று வீசும் மதியம். இந்த இரண்டையும் மாணவர்களே சொல்லும் வரை காத்திருப்பது நல்லது. அட்டைப்பெட்டி என்பதால் இதை ஆசிரியர் மேசையில் ஆசிரியரே செய்துகாட்ட வேண்டும். சுடர் அட்டையைத் தொடாத உயரத்தில் இருக்கட்டும்.

செயல்பாடு 2: ஒரு மில்லிமீட்டர் தண்ணீர்

ஒன்பதாம் வகுப்பில் இதைக் கணக்காகவே செய்கிறோம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.16 கிலோ. 150 டிகிரியில் அது சுமார் 0.83 கிலோ. வித்தியாசம் 0.33 கிலோ. புகைக்குழாயின் உயரம் 3 மீட்டர் என்றால், புகையை மேலே தள்ளும் அழுத்த வேறுபாடு

0.33 × 9.8 × 3 = சுமார் 9.7 பாஸ்கல்.

இது எவ்வளவு? ஒரு தட்டில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அது தட்டின்மீது தரும் அழுத்தம் 9.8 பாஸ்கல். அதாவது, நன்றாகச் சூடேறிய 3 மீட்டர் புகைக்குழாயின் முழு பலமும் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர்தான். தட்டில் ஊற்றிக் காட்டுங்கள், மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

அடுப்பு மூட்டிய புதிதில் குழாய்க்குள் 40 டிகிரிதான் இருக்கிறது என்று வைத்தால் இதே கணக்கில் வருவது சுமார் 1.1 பாஸ்கல். ஒன்பதில் ஒரு பங்கு. அதனால்தான் மூட்டும்போது மட்டும் புகை முகத்தில் அடித்துவிட்டுப் பிறகு சரியாகிறது.

இப்போது காற்று. வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று தடுத்து நிறுத்தப்படும்போது தரும் அழுத்தம் ½ × 1.16 × 16 = சுமார் 9.3 பாஸ்கல். நம் கடற்கரையில் இது சாதாரணக் கடற்காற்று. குழாயின் முழு பலத்துக்கும் இது ஈடாக நிற்கிறது. புகைக்குழாயின் உச்சியில் இந்தக் காற்று எப்படி மோதுகிறது என்பதைப் பொறுத்தே புகை வெளியேறுவதும் திரும்புவதும் இருக்கிறது.

கோடையில் முற்பகல் வரை நிலத்திலிருந்து வரும் காற்றோ அசைவற்ற நிலையோ இருக்கும். நிலம் சூடேறியதும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து கடற்காற்று ஏறும். மேல்காற்று பலமாக வீசும் ஆனி, ஆடியில் கடற்காற்று பிற்பகலில்தான் தலைகாட்டும். "காலையில் புகையாது சார், மதியத்துக்கு மேலதான் புகையும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது புவியியல் பாடத்தையும் இயற்பியல் பாடத்தையும் சேர்த்துச் சொன்னதாகும்.

செயல்பாடு 3: பழுது கண்டறியும் வாரம்

மாணவர்கள் பெற்றோரின் அனுமதியுடன் ஐந்து நாட்கள் வீட்டு அடுப்பைக் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். குறிப்பேட்டில் ஆறு கட்டங்கள் போதும்: நேரம், காற்றின் திசை, கதவு சன்னல் திறந்ததா மூடியதா, விறகு ஈரமா காய்ந்ததா, புகை எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம். விறகடுப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அண்டை வீட்டாரிடமோ, தேநீர்க் கடையிலோ கேட்டு எழுதலாம். அடுப்பை மூட்டுவதும் விறகு தள்ளுவதும் பெரியவர்களின் வேலை. மாணவர் பார்ப்பவர், எழுதுபவர் மட்டுமே.

அடுப்பு ஆறியிருக்கும்போது பெரியவர் துணையுடன் இரண்டு சோதனைகள் செய்யலாம். அடுப்பு வாயில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபடுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்று தெரியும். கதவைத் திறந்தும் மூடியும், சன்னலைத் திறந்தும் மூடியும் இதைத் திரும்பச் செய்யவேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அடுத்து, குழாயின் அடிப்பகுதியில் சுத்தம் செய்யும் துளை இருந்தால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மேலே வானம் தெரிகிறதா என்று பார்க்கலாம். நேர்க்குழாயில் வெளிச்சம் தெரியவில்லை என்றால் அடைப்பு இருக்கிறது.

குறிப்புகள் வந்தபின் வகுப்பில் பின்வருமாறு பிரிக்கிறோம்.

மூட்டும்போது மட்டும் புகை: குழாய் குளிர்ந்திருக்கிறது. குழாயின் அடியில் காய்ந்த பனையோலைத் துண்டு ஒன்றையோ காகிதத்தையோ முதலில் எரித்துக் குழாயைச் சூடேற்றிவிட்டு, சிறு சுள்ளிகளால் மூட்டினால் குறையும்.

எப்போதும் புகை: குழாயில் கரி படிந்திருக்கலாம். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் உட்சுவரில் சுற்றிலும் 1 செ.மீ. கரி படிந்தால் விட்டம் 8 செ.மீ. ஆகிறது. பரப்பு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். 80 விழுக்காடு என்பார்கள். விடை 64 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழி அடைபட்டுவிட்டது. வட்டத்தின் பரப்புக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

கதவைச் சாத்தினால் புகை: வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்று இல்லை. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் இதே நிலைதான். ஃபேன் அறையின் காற்றை இழுக்கும்போது குழாய் வழியே புகை கீழிறங்குகிறது. விறகடுப்பின் புகைக்குழாயும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

காற்றடித்தால் புகை: எந்தச் சன்னல் திறந்திருக்கிறது என்று பாருங்கள். காற்று வரும் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தால் அறையின் அழுத்தம் சற்று உயர்ந்து புகையைக் குழாய்க்குள் தள்ளும். எதிர்ப்பக்கச் சன்னல் மட்டும் திறந்திருந்தால் அறையின் அழுத்தம் குறைந்து புகை அறைக்குள் இழுபடும். கடற்காற்று நேரத்தில் கிழக்குச் சன்னலைத் திறந்து மேற்குச் சன்னலைச் சாத்திப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. அப்படியும் தீரவில்லை என்றால் குழாயின் உச்சி கூரை முகட்டுக்கோ பக்கத்துச் சுவருக்கோ கீழே இருக்கும். சுமார் 3 மீட்டர் சுற்றளவில் உள்ள எதைக் காட்டிலும் குழாய் குறைந்தது 60 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும் என்பது பொதுவான அளவு.

சிறிய பாத்திரம் வைத்தால் புகை: அடுப்பின் வாய்க்கும் பாத்திரத்துக்கும் இடையே சந்து. இரட்டை அடுப்பில் இரண்டாவது துளையைத் திறந்தே விட்டாலும் குளிர்ந்த காற்று அதன் வழியே புகுந்து குழாயைக் குளிர்வித்துவிடும். ஒரு தட்டால் மூடினால் போதும்.

அடுப்பின் உடலிலிருந்து புகை: விரிசல். களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசி, நிழலில் காயவிட வேண்டும்.

மழைக்காலத்தில் மட்டும் புகை: ஈரவிறகு. 40 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் 400 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்கவே சுமார் 1,000 கிலோஜூல் போகிறது. அந்த வெப்பம் போவதோடு தீயின் வெப்பநிலையும் குறைவதால், விறகிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் பற்றிக்கொள்ளாமலேயே போய்விடுகின்றன. நாம் காணும் புகையில் பெரும்பகுதி இப்படி எரியாமல் தப்பிய எரிபொருள்தான். பச்சைச் சவுக்குத் துண்டு ஒன்றைத் தராசில் வைத்து, வெயிலில் காயவைத்து, தினமும் எடை பார்த்து வரைபடம் வரைவதை ஏழாம் வகுப்பு மாணவர்கள் விரும்பிச் செய்கிறார்கள். வரைபடம் எந்த நாளில் தட்டையாகிறதோ அன்று விறகு தயார். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு அடுக்கிய நம் முன்னோரின் காரணமும் அப்போது விளங்குகிறது.

ஒரு வீட்டின் கதை

முன்பு சொன்ன மாணவியின் குறிப்பேட்டில் ஐந்து நாளும் புகை பதினொரு மணிக்குப் பிறகே வந்திருந்தது. விறகு காய்ந்தது, கதவு திறந்தே இருந்தது. "முன்னே இப்படிப் புகையாதாம், பக்கத்துல மாடி கட்டின பிறகுதானாம். ஆயா சொன்னாங்க" என்றாள். ஆயாவுக்கு இருமல் நிற்பதில்லை. வீட்டில் ஒரு வயதுத் தம்பி இருந்தான். கிழக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிய மாடிச்சுவரைத் தாண்டி வரும் காற்று சுழன்று இறங்கி, தாழ்வான குழாயின் உச்சியில் மோதுகிறது என்று வகுப்பே கூடி முடிவுக்கு வந்தது. கரும்பலகையில் அந்தச் சுவரையும் குழாயையும் அம்புக்குறிகளோடு வரைந்தவள் அவள்தான்.

காசு செலவில்லாதவற்றை முதலில் செய்தார்கள். குழாயைச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது துளைக்குத் தட்டு வைத்தார்கள். விறகுச் சமையலைக் காலை பத்து மணிக்குள் முடித்தார்கள். புகை குறைந்தது, நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவளுடைய அப்பா கொத்தனாரை வைத்துக் குழாயை உயர்த்தினார். மாடிச்சுவரைத் தாண்டும் அளவுக்கு உயர்த்த முடியவில்லை. காற்று பலமாக உள்ள நாளில் இப்போதும் கொஞ்சம் திரும்புகிறது. அப்படிப்பட்ட நாளில் சிலிண்டர், மற்ற நாளில் விறகு என்று வைத்துக்கொண்டார்கள். தம்பியை அடுப்படிக்குத் தூக்கி வருவதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுதான் இதில் பெரியது என்று நினைக்கிறேன்.

புகையில்லா அடுப்பின் வரலாறு தரும் பாடம்

சமூக அறிவியல் ஆசிரியரும் இதில் சேர்ந்துகொள்ளலாம். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் இயங்கிய வார்தா மகன்வாடியிலிருந்து 'மகன் சூலா' என்ற புகைக்குழாய் அடுப்பு வந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு 1950-களின் தொடக்கத்தில் புகையற்ற சமையலறை பற்றி நூலே எழுதினார். 1983-ல் தொடங்கி 2002 வரை நடந்த மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தில் நாடெங்கும் மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகள் அமைக்கப்பட்டன. 2016 மே 1-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயுவை வீடுகளுக்குக் கொண்டுவந்தது.

இவ்வளவு அடுப்புகள் அமைத்தும் புகை ஏன் தீரவில்லை? ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் புகைக்குழாய் அடுப்பு பெற்ற குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். முதல் ஆண்டில் புகையைச் சுவாசிப்பது குறைந்தது. அதன்பின் அந்தப் பலன் மறைந்துபோனது. அடுப்பைத் தொடர்ந்து சரியாகப் பயன்படுத்தாததும் பழுது பார்க்காததும் காரணங்கள். அடுப்பைக் கொடுத்தவர்கள் பழுது பார்க்கும் அறிவை அதனோடு சேர்த்துக் கொடுக்கவில்லை என்றால் குழாய் வெறும் அலங்காரமாக நின்றுவிடும். அந்த அறிவைக் கொடுக்கக்கூடிய இடம் பள்ளி.

பாதுகாப்புக் குறிப்புகள்

• பழைய புகைக்குழாய்கள் பல கல்நார் சிமெண்டால் ஆனவை. அவற்றை அறுக்கவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. உடைந்திருந்தால் வேறு குழாய் மாற்றுவதே நல்லது.
• கீற்றுக்கூரை வழியே செல்லும் சூடான குழாய் கூரையைத் தொடக்கூடாது. உயரத்தில் ஏறுவதும் குழாயைச் சுத்தம் செய்வதும் பெரியவர்களின் வேலை.
• மூட்டுவதற்குப் பிளாஸ்டிக் பையைக் கொளுத்துவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். வர்ணம் பூசிய மரத்தையும் எரிக்கக்கூடாது.
• கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரித்தணல் உள்ள அடுப்பை வைத்துக்கொண்டு மூடிய அறையில் தூங்கக்கூடாது என்பதை மழைக்காலத்துக்கு முன் கட்டாயம் சொல்லவேண்டும்.
• தொடர் இருமல், இளைப்பு உள்ள மாணவர்களைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டச் சொல்லுங்கள்.

மதிப்பீடு

1. புகைக்குழாயின் உயரத்தை 3 மீட்டரிலிருந்து 6 மீட்டராக்கினால், வெப்பநிலை மாறாதபோது, அழுத்த வேறுபாடு என்ன ஆகும்?
2. கடற்காற்று வீசும் நேரத்தில் மேற்குச் சன்னல் மட்டும் திறந்துள்ள சமையலறையில் புகை எத்திசையில் செல்லும்? ஏன்?
3. ஒரு வீட்டில் விறகை மாற்றி, சன்னலைத் திறந்து, குழாயையும் சுத்தம் செய்தபின் புகை நின்றது. எது காரணம் என்று சொல்ல முடியுமா? சொல்ல வேண்டுமானால் சோதனையை எப்படி நடத்தியிருக்க வேண்டும்?

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண் தருகிறேன்.

ஒரு விளக்கத்தை ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்லவேண்டும். எவ்வளவு திருத்தினாலும் விறகடுப்பு எரிவாயு அடுப்புக்கு ஈடாகாது. வசதி வரும்போது வீட்டுக்குள் எரியும் விறகை விட்டுவிடுவதே நுரையீரலுக்கு நல்லது. இதை மாணவர்களிடம் தெளிவாகவே சொல்கிறேன். ஆனால் அந்த நாள் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அதுவரை இன்று மதியம் எந்தச் சன்னலைத் திறப்பது என்று தெரிந்த ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருந்தால் அதுவும் கல்விதான்.

உங்கள் ஊர் மலையடிவாரமாக இருக்கலாம்; காவிரிப் படுகையாக இருக்கலாம். காற்றின் திசையும் விறகின் வகையும் வீட்டின் அமைப்பும் மாறும். ஷூ பெட்டியும் ஊதுபத்தியும் ஆறு கட்டக் குறிப்பேடும் எல்லா ஊருக்கும் பொருந்தும். வெப்பம் பற்றிய பாடம் வரும் வாரத்தில் இதைச் செய்துபாருங்கள். உங்கள் ஊர் அடுப்புகள் என்ன சொல்கின்றன என்று குறுவளமையக் கூட்டங்களில் பகிர்ந்துகொள்ளுங்கள்.